விடாலா, கல்ச்சரா: கடலூரில் ஒரு காய்ச்சல் வீட்டின் முன் நிற்கும் தேர்வுகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்த இரண்டு மூன்று வாரங்களில், மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கூடங்களில் இருபத்தாறு ஆண்டுகள் ஊசியும் சோதனைக் குழாயுமாக நின்று ஓய்வு பெற்றவன் நான். அந்த வரிசையில் நின்றவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி, “சார், டைபாய்டு இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க” என்பதுதான். நான் கையில் வைத்திருந்த விடால் என்ற ரத்தச் சோதனையால் அந்த ஒரே வார்த்தையைச் சொல்ல முடியாது என்பதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்குப் பெரும்பாலும் நேரம் இருந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே, விடாலையும் கிருமியையே வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையையும் வைத்துத் தொடங்கும் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில், காய்ச்சலின் நடையைப் பார்த்து எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்ற கேள்வி இருக்கிறது. டெங்கு பெரும்பாலும் முதல் நாளே உச்சத்தில் அடிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலியும் உடம்பு முறிவதுபோன்ற வலியுமாக வந்து, ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். டைபாய்டு அப்படி வருவதில்லை. அது நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். மாலையில் கூடுதலாகவும் காலையில் சற்றுத் தணிந்தும் இருக்கும். பசி சுத்தமாக அற்றுப்போகும். நாக்கின் நடுவில் வெள்ளைப் படிவும் ஓரத்தில் சிவப்பும் தெரியும். பெரியவர்களுக்கு மலச்சிக்கலும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் வருவது வழக்கம். காய்ச்சலின் அளவுக்குத் தக்க வேகத்தில் நாடி ஓடாமல் நிதானமாக இருப்பதும் ஓர் அடையாளமே. ஆனால் நாளுக்கு மூன்று பாராசிட்டமால் விழுங்கும் வீட்டில் இந்தப் படிக்கட்டு அழிந்துபோகும். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வெப்பநிலையை மணியோடு குறித்துவைக்கும் வீட்டில் மட்டுமே மருத்துவருக்கு அதன் சாயல் கிடைக்கும்.

நம் பகுதியில் டைபாய்டோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு காய்ச்சல் ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணி கடிப்பதால் வருவது அது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்குக் கீழோ சிகரெட்டால் சுட்டதுபோன்ற ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் பல நேரங்களில் விடை அங்கேயே கிடைக்கும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: டைபாய்டு என்று நினைத்துப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஸ்க்ரப் டைபசுக்கு வேலை செய்யாது, அதற்கு டாக்சிசைக்ளின் வேண்டும். பெயர் தவறினால் மருந்தும் தவறிவிடும்.

இனி, விடாலும் கல்ச்சரும். 1896-இல் பாரிசில் ஃபெர்னான் விடால் அறிமுகப்படுத்திய சோதனையை நாம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறோம். கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) ஒரு சொட்டு வைத்து, டைபாய்டுக் கிருமியின் உடற்பகுதி உள்ள, நீலச் சாயம் ஏற்றிய ‘ஓ’ திரவத்தை ஒரு வட்டத்திலும் அதன் வாலிழை உள்ள, சிவப்புச் சாயம் ஏற்றிய ‘ஹெச்’ திரவத்தை இன்னொரு வட்டத்திலும் கலந்து, ஒரு நிமிடம் மெல்ல ஆட்டினால் போதும். எதிர்ப்பொருள் இருந்தால் கலவை தயிர் திரிவதுபோல் மணிமணியாகத் திரளும். பார்க்கக் கவர்ச்சியான சோதனைதான், மலிவானது, பத்தரை மணிக்கு ரத்தம் கொடுத்தவர் பன்னிரண்டு மணிக்கு ‘ஓ 1:160, ஹெச் 1:80’ என்ற சீட்டோடு (சீரத்தை அத்தனை மடங்கு நீர்த்தாலும் திரள்கிறது என்று பொருள்) மருத்துவரைப் பார்த்துவிடலாம்.

ஆனால் அந்தச் சீட்டு கிருமியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு எப்போதோ தயாரித்த எதிர்ப்பொருளைப் பற்றித்தான் சொல்கிறது. அந்த எதிர்ப்பொருள் காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே போதுமான அளவில் சேரும் என்பதால், மூன்றாம் நாளில் விடால் நெகட்டிவ் என்று வந்தால் அதற்குப் பொருளில்லை. டைபாய்டு புழங்கும் ஊரில் நல்ல உடம்போடு நடமாடுபவர்களிடமும் 1:80 காட்டும் என்பதால், பாசிட்டிவ் என்று வந்தாலும் அதற்கு அவ்வளவாகப் பொருளில்லை. ஒருமுறை டைபாய்டு வந்து குணமானவருக்குப் பல மாதங்கள் வரை அது பாசிட்டிவாகவே இருக்கலாம். முறைப்படி செய்வதென்றால் ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் இருபத்தாறு ஆண்டுகளில் இரண்டாவது ரத்தத்துக்குத் திரும்பி வந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு, நான் அருகிலிருந்து பார்த்த ஒரு குடும்பமே சான்று. புதுப்பாளையத்தில் வசித்த ஓர் அம்மாவுக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை ‘டைபாய்டு’ என்று விடால் சீட்டை நம்பி ஊசி போடப்பட்டது. ஒவ்வொரு முறையும் சில நாட்கள் குறைந்து, மீண்டும் மாலைக் காய்ச்சல் வந்தது. கடைசியில் கழுத்தில் நெறிகட்டி, அதிலிருந்து எடுத்த சோதனையில் காசநோய் என்று தெரிந்தது. அந்த மூன்று சீட்டுகளில் ஒன்றில் என் கையெழுத்தும் இருந்தது.

கல்ச்சர் இதற்கு நேர்மாறானது. பெரியவர்களுக்குப் பத்து மில்லி அளவிலும் குழந்தைகளுக்கு எடைக்கேற்ப இரண்டு முதல் ஐந்து மில்லி அளவிலும் ரத்தம் எடுத்து, ஊட்டக்கரைசல் உள்ள புட்டியில் செலுத்தி, சூட்டுப் பெட்டியில் வைத்து, கிருமியையே வளர்த்துப் பார்க்கிறார்கள். வளர்ந்தால் அதன் பெயரும் தெரியும், எந்த மருந்துக்கு அது மடியும் என்பதும் தெரியும். குறைகளும் இல்லாமல் இல்லை. விடாலைவிடச் செலவு பல மடங்கு. முழு விடை வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அப்படியும் டைபாய்டு உள்ள நூறு பேரில் ஏறத்தாழ அறுபது பேரிடமே கிருமி பிடிபடும். எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும் என்றாலும் அந்தத் துன்பத்துக்கு யாரையும் உட்படுத்தத் தேவை அரிதாகவே நேர்கிறது. முதல் வாரத்தில், அதுவும் ஆன்டிபயாட்டிக் ஒன்றைக்கூட விழுங்குவதற்கு முன் எடுத்தால்தான் அந்த அறுபது பேரிடமாவது கிருமி கிடைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரைகளே புட்டியைக் காலியாக்கிவிடப் போதும்.

என் தீர்ப்பு கல்ச்சர் பக்கம்தான். விடை வரும்வரை நோயாளி மருந்தின்றிக் கிடக்க வேண்டும் என்ற அச்சம் தேவையற்றது. ரத்தம் எடுத்த அடுத்த நிமிடமே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், விடை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். கடலூரில் வசதி கிடைக்காதவர்கள் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். இரண்டு ஊருக்கும் பேருந்து உண்டு. விடாலை நான் முற்றாகத் தள்ளவில்லை: இரண்டாவது வாரத்தில், ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் தின்றுவிட்ட ஒருவரிடம், மற்ற அடையாளங்கள் எல்லாம் பொருந்தி வரும்போது, மிக உயர்ந்த அளவு ஒரு துணைச் சாட்சியாகும். சாதாரண ரத்த எண்ணிக்கையும் துணைக்கு வரும். வெள்ளணுக்கள் கூடாமல், ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை ஒன்றுகூடக் கண்ணில் படாத ஸ்லைடைப் பார்த்தால் நாங்கள் உள்ளூரச் சந்தேகப்படுவோம். கர்ப்பச் சோதனை அட்டைபோல் பதினைந்து நிமிடத்தில் கோடு காட்டும் டைபாய்டு அட்டைகளும் எதிர்ப்பொருளையே தேடுகின்றன. விடாலைவிடச் சற்று மேல், கல்ச்சருக்கு ஈடில்லை.

மருந்துகளுக்கு வந்தால், 1948-இல் குளோராம்பெனிக்கால் வந்து டைபாய்டின் முகத்தையே மாற்றியது. அது மங்கியபின் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் சிப்ரோஃப்ளாக்சசின் ஆட்சி செய்தது. இன்று இந்தியாவில் பரவும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு முழுமையாக மடிவதில்லை. ஆனாலும் மருந்துக்கடையில் ‘காய்ச்சலுக்கு’ என்று கேட்டால் அது இன்னும் கைக்கு வருகிறது. உண்மையான போட்டி இப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அசித்ரோமைசின் மாத்திரைக்கும் இடையேதான். ஊசி பத்து முதல் பதினான்கு நாள் தினமும் போக வேண்டியது. வாந்தியெடுப்பவருக்கும் நிலைமை மோசமானவருக்கும் அதுவே சரி. மாத்திரை ஏழு நாளில் முடியும், வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம், நோய் திரும்பி வருவதும் ஊசியைவிடக் குறைவு. செஃபிக்சைம் என்ற வாய்வழி மருந்தும் பரவலாக எழுதப்படுகிறது. அதில் காய்ச்சல் இறங்க நாளாகும், தோல்வியும் கூடுதல் என்பதால் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் அதை வைப்பேன். எதை எடுத்தாலும் காய்ச்சல் இறங்க நான்கு முதல் ஏழு நாள் பிடிக்கும். மூன்றாம் நாளே “மருந்து கேக்கல” என்று மருத்துவரை மாற்றுவதும், ஐந்தாம் நாள் உடம்பு லேசானதும் மருந்தை நிறுத்துவதும் ஒரே பொறுமையின்மையின் இரண்டு முகங்கள். 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அசையாத டைபாய்டு பரவத் தொடங்கியது. அங்கே வாய்வழி மருந்தாக அசித்ரோமைசின் ஒன்றே மிஞ்சியது.

வீட்டிலா மருத்துவமனையிலா என்பதில் விவாதத்துக்கே இடமில்லை: வயிறு உப்பினாலோ, மலம் கருப்பாகவோ ரத்தமாகவோ போனாலோ, பேச்சு குழறித் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே சேர்க்க வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதியில் புண் ஆழமாகி மூன்றாம் வாரத்தில் துளை விழுவதுதான் இந்த நோயின் பெரிய ஆபத்து. பத்தியம் என்ற பெயரில் இருபது நாள் வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதற்கு ஆதாரமில்லை. குழைந்த சோறு, இட்லி, பருப்பு, வேகவைத்த முட்டை எல்லாம் கொடுக்கலாம்.

தடுப்பில் தண்ணீர்தான் முதலில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் பல நகர்களில் வீட்டுக்குள் நீர் நின்றபோது, கழிவுநீரும் குடிநீர்த் தொட்டியும் ஒரே மட்டத்தில் இருந்ததைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்களில் எதை நம்புவது? கொதிக்க வைத்தல் கலங்கலைப் பொருட்படுத்தாது. தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும். கேஸ் செலவும், ஆறிய நீரில் யாரோ டம்ளரோடு விரலையும் விடுவதும்தான் அதன் பலவீனம். தொட்டிக்கு ப்ளீச்சிங் பவுடர் மலிவு. ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் கரைத்து ஒரு மணி நேரம் விட வேண்டும், ஆனால் கலங்கல் நீரில் அதன் சக்தி கலங்கலிலேயே தீர்ந்துவிடும், திறந்த பையில் ஒரு மழைக்காலம் கிடந்த பவுடரில் சக்தியே இராது. ஆர்.ஓ. இயந்திரம் கிருமியை வடிகட்டும். வடிகட்டிய நீரில் குளோரின் மிஞ்சாததால், அதன் சேமிப்புத் தொட்டி அழுக்கானால் காப்பதற்கு ஒன்றுமில்லை. இருபது லிட்டர் கேன் நீரை வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்பதோடு, காலிக் கேனை வெயிலில் தூக்கிப் பிடித்து அடியையும் பார்க்க வேண்டும். பச்சை படர்ந்திருந்தால் அந்தக் கேன் எத்தனை நாள் கழுவப்படாமல் சுற்றியது என்பது புரியும். நான் கொதிக்க வைப்பதையே முதலில் வைக்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் குடிக்கும் நன்னாரி சர்பத்தின் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுக் குடிப்பதும் நல்லது. உறைவதால் டைபாய்டுக் கிருமி சாவதில்லை, துறைமுகத்தில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் குடிப்பதற்கென்று செய்யப்படுவதும் இல்லை.

தடுப்பூசியில் இரண்டு போட்டியாளர்கள். கிருமியின் மேலுறைச் சர்க்கரையால் ஆன பழைய ‘வி’ (Vi) பாலிசாக்கரைடு ஊசி விலை குறைவு. இரண்டு வயதுக்கு மேல்தான் போடலாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்த கான்ஜுகேட் ஊசி ஆறு மாதக் குழந்தைக்கே ஒரு தவணை போதும். நேபாளத்தில் நடந்த ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது. ஹைதராபாத்தில் தயாராகும் அவ்வகை ஊசியொன்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்றும் உண்டு. இருந்தும் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது சேரவில்லை. அதனால் தனியாரிடம் காசு கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. காசு இடம் கொடுத்தால் கான்ஜுகேட்தான். ஆனால் டைபாய்டின் உறவுக் கிருமியால் வரும் பாராடைபாய்டுக் காய்ச்சலை இரண்டுமே தடுக்காது. என் பேத்திக்கு ஒன்பதாம் மாதத்தில் அந்த ஊசியைப் போட்டோம். அவள் குடிக்கும் தண்ணீர் இன்றும் கொதிக்க வைத்து, நீண்ட காம்பு வைத்த கரண்டியால் மொண்டு, மூடிய சொம்பில்தான் வருகிறது.