தீட்டுக்கல்லில் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும் கவ்வி: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாளாவது மீன் வெட்டுவோம். சைக்கிளில் வரும் சாணைக்காரரை இப்போதெல்லாம் எப்போதாவதுதான் பார்க்க முடிகிறது. வந்தாலும், பொறி பறக்கும் அவருடைய சக்கரத்தில் கத்தி கூராவதைவிடத் தேய்வதே அதிகம். அப்பத்தா அம்மியின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்து வேலையை முடித்துக்கொள்வார். எனக்கு அந்தக் கை வராததால், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று சொரசொரப்பின் எண் (எண் கூடினால் கல் நயமானது) இருக்கும் இருபக்கத் தீட்டுக்கல்லும், அதனோடு சேர்த்து விற்கப்பட்ட பிளாஸ்டிக் கவ்வியும் வாங்கினேன்.

கவ்வி, கத்தியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அதைக் கல்லிலிருந்து ஒரே உயரத்தில் தூக்கி வைக்கிறது. அடியில் உள்ள இரண்டு பீங்கான் பட்டைகள் கல்லின் மேல் வழுக்கிச் செல்கின்றன. கையால் தீட்டும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் சாய்வு மாறி, கத்தியின் வாய் உருண்டு போவதுதான் புதியவர்களுக்கு நேரும் முதல் பிழை. அந்தப் பிழையைக் கவ்வி உண்மையாகவே தடுக்கிறது. காய்கறிக் கத்தியின் வாயில் மார்க்கர் மையைப் பூசிவிட்டு ஆறு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். மை வாய் நெடுகிலும் ஒரே அகலத்தில் அழிந்திருந்தது. இன்னும் சிறிது நேரம் தீட்டியதும் மறுபக்கத்தில் பிசிறு எழுந்தது. விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்லத் தடவினால் அது நகத்தில் தட்டுப்படும். அது வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும்.

அட்டைப்பெட்டியில் "15 டிகிரி" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கவ்வி தருவது உயரத்தைத்தான். சாய்வு எவ்வளவு என்பது கத்தியின் அகலத்தைப் பொறுத்தது. என்னுடைய கவ்வி முதுகை 10 மில்லிமீட்டர் தூக்குகிறது. 40 மில்லிமீட்டர் அகலமுள்ள காய்கறிக் கத்தியில் அது ஏறத்தாழ 14.5 டிகிரியாக அமைகிறது. ஆனால் 20 மில்லிமீட்டர் அகலமே உள்ள மீன் கத்தியில் அதே கவ்வி 30 டிகிரியைத் தருகிறது. இது புரியாமல் மீன் கத்தியை அரை மணி நேரம் தீட்டிவிட்டுக் கணவாயை அரியப் போனேன். தோலில் இறங்காமல் கத்தி வழுக்கிக்கொண்டே போனது. மேலும், மெல்லிய அலகு கவ்வியின் இறுக்கத்தில் வளைந்தும் விடுகிறது.

நுனி வளைவிலும் கவ்வியால் பெரிய உதவி இல்லை. அங்கே கைப்பிடியைச் சற்று உயர்த்தினால்தான் வாய் கல்லில் படியும்; உயர்த்தினாலோ கவ்வியின் ஒரு கால் எழும்பிவிடுகிறது. எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தந்தது வேறொன்று: பீங்கான் பட்டை ஒரே தடத்தில் ஓடியதால், இரண்டே மாதத்தில் கல்லின் ஓரத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. முரட்டு உப்புத்தாளைக் கண்ணாடியின் மேல் விரித்து, நீர் தெளித்துக் கல்லைத் தேய்த்துச் சமன் செய்ய ஒரு மாலைப்பொழுதே போயிற்று.

இந்த உப்புக் காற்றில் பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது ஒரு நன்மை. ஆனால் புதிதாகத் தீட்டிய இரும்புக் கத்தியின் வாய் ஒரே இரவில் துருவேறிவிடும் என்பதால், துடைத்து உலர்த்தித் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது இங்கே கட்டாயம்.

அகலமான சமையல் கத்தி மட்டும் வைத்திருப்பவர்கள், கை பழகும் வரை இதைத் தாராளமாக வாங்கிப் பயன்படுத்தலாம். மீன் கத்திக்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு இப்போது நான் மூன்று பத்து ரூபாய் நாணயங்களைக் கல்லின் மேல் அடுக்கி, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரும் அந்த உயரத்தில் முதுகைச் சாய்த்து, மணிக்கட்டு அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டதும் நாணயங்களை எடுத்துவிட்டுத் தீட்டுகிறேன். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்: "தீட்டி முடிச்சதும் அந்த முப்பது ரூபாய இங்க குடு ராசா, வெத்தலைக்கு ஆகும்."