சிப்பாங் தடத்தில் டொயோட்டா 86: டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றிய அனுபவம்

எஞ்சினுக்குச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஈசியூ ட்யூனிங் என்று காசு போய்க்கொண்டே இருக்கும். அந்த எஞ்சினின் சக்தி கியர்பாக்ஸைத் தாண்டிப் பின்சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் பாதையைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. யோசிப்பவர்களும் கிளட்ச், எடை குறைந்த ஃப்ளைவீல், ஃபைனல் டிரைவ், எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) என்று நான்கையும் ஒரே மூச்சில் வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். எந்தப் பொருள் என்ன பலன் தந்தது என்பது பிறகு யாருக்கும் தெரிவதில்லை. இந்த நான்கில் நான் டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றினேன்; சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டு, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பகுதி அது. சில ஆண்டுகளாக மலேசியாவின் சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்தில் அதனோடுதான் ஓட்டுகிறேன். இந்தக் காரில், இந்த அளவு சக்தியில், மற்ற மூன்றுக்கும் கை நீட்டத் தேவையில்லை என்பது என் முடிவு.

என்னுடையது 2012-இல் அறிமுகமான முதல் தலைமுறை 86, ஆறு கியர் மேனுவல். சுபாருவின் 2.0 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எஞ்சினில் நான் கை வைக்கவே இல்லை. பிரேக் பேடும் பிரேக் திரவமும் தடத்துக்கு ஏற்றவை. டயர் கம்பெனி அளவான 215/45 ஆர்17-தான். ஆனால் ரப்பர் மிக மென்மையான, தடத்தில் நன்றாகப் பிடிக்கும் வகை. வார நாட்களில் வேலைக்குப் போவதும் இதே காரில்தான்.

டயரிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இந்தக் கார் வெளிவந்தபோது எரிபொருள் சிக்கனத்துக்கு உகந்த சாதாரண டயருடன் வந்தது. வேண்டுமென்றே அப்படி. பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் நழுவும், ஓட்டுபவர் கற்றுக்கொள்வார், ரசிப்பார். அந்த டயருக்குக் கம்பெனி தந்த டார்சன் டிஃபரன்ஷியல் மிகப் பொருத்தம். நல்ல டயர் போட்டதும் கணக்கு மாறிவிடுகிறது. வளைவில் கார் அதிக வேகத்தைத் தாங்குகிறது. அதனால் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு இன்னும் அதிகமாகச் சாய்கிறது. உட்பக்கப் பின்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் நிற்கிறது. டார்சன் தடுமாறுவது அங்கேதான்.

டார்சனுக்குள் இருப்பது பல்சக்கரங்கள் மட்டுமே. கிளட்ச் தட்டு கிடையாது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவோ, அது தாங்கும் முறுக்குவிசையைப் போல ஒரு குறிப்பிட்ட மடங்கை மறு சக்கரத்துக்கு அனுப்பும். அந்த மடங்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். உட்பக்கச் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினால், வெளிப்பக்கத்துக்கு 200 வரை போகும். உட்பக்கம் 20 மட்டுமே தாங்கினால் வெளிப்பக்கத்துக்கு 40. சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான். கார் முன்னேறாது, உட்பக்க டயர் மட்டும் சுழலும். அதைக் கண்டவுடன் மின்னணு அமைப்பு அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். பின் பிரேக் பேட் முன்பேடுக்கு இணையாகத் தேய ஆரம்பித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

சிப்பாங்கில் 5.543 கி.மீ. நீளத்தில் 15 வளைவுகள். ஒன்பதாவது வளைவு மேட்டில் ஏறும் இடப்பக்க ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. பதினைந்தாவது இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளை இணைக்கும் ஹேர்பின். இரண்டிலும் இரண்டாவது கியர். வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், இடப்பக்கப் பின்டயர் கிறீச்சிட்டுச் சுழல்வது காதுக்கே கேட்கும். பதினைந்தில் ஒரு நொடி தாமதமாக வேகம் எடுத்தால், அதன் வட்டியைப் பிரதான நேர்ப்பாதை முழுவதும் கட்ட வேண்டும்.

ஷா ஆலமில் எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வளைவுக்குள் போகும்போது பிரச்சினையா, வெளியே வரும்போது பிரச்சினையா?" என்பதுதான். எல்எஸ்டி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் கடைக்குப் போவதற்கு முன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் கிளட்ச் வகை எல்எஸ்டியில் 1 வழி, 1.5 வழி, 2 வழி என்ற பிரிவே அதற்கான விடைதான்.

உள்ளே நடப்பது எளிமையானது. இரண்டு அழுத்த வளையங்கள். அவற்றுக்கு நடுவே சாய்வாக வெட்டிய பள்ளங்கள். பள்ளங்களுக்குள் ஒரு குறுக்கு அச்சு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அந்த அச்சு சாய்வில் ஏறி வளையங்களை இருபுறமும் தள்ளுகிறது. வளையங்கள் கிளட்ச் தட்டுகளை நெருக்குகின்றன, இரு சக்கரங்களும் பிணைகின்றன. ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் இந்தப் பிணைப்பு விடாது. டார்சனால் முடியாத வேலை இது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அச்சு எதிர்ப்பக்கச் சாய்வில் ஏறும். அந்தப் பக்கம் சாய்வே இல்லையென்றால் 1 வழி. முன்பக்கம் போலவே இருந்தால் 2 வழி. அதைவிட மென்மையாக இருந்தால் 1.5 வழி.

நான் தேர்ந்தெடுத்தது 1.5 வழி. குஸ்கோ, ஓஎஸ் கிக்கென், காஸ் என்று ஜப்பானில் இதற்கென்றே பெயர்பெற்ற நிறுவனங்கள் பல உண்டு. 86 உலகெங்கும் விற்ற கார் என்பதால் எல்லோரிடமும் இதற்கான மாடல் கிடைக்கிறது. பெயரைவிட முக்கியம் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆரம்ப இறுக்கம்: எந்தச் சுமையும் இல்லாதபோதே தட்டுகள் எவ்வளவு அழுத்தத்தில் நெருங்கி நிற்கின்றன என்பது. மற்றொன்று, தட்டுகளின் வரிசையை மாற்றி அடுக்கிப் பிணைப்பின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா என்பது. எனக்கு ஆரம்ப இறுக்கம் குறைவாக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். 200 குதிரைத்திறனுக்கு டிரிஃப்ட் கார் அளவு இறுக்கம் தேவையே இல்லை. இறுக்கம் கூடக்கூட முன்சக்கரங்கள் வளைவுக்குள் திரும்ப மறுக்கும். அதைச் சரிசெய்யச் சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டிவரும். அப்புறம் அதற்கு முடிவே இருக்காது.

பொருத்திய பிறகு உடனே தடத்துக்குப் போகக்கூடாது. காலியான கார் நிறுத்துமிடத்தில் எட்டு வடிவில், மெதுவாக, மாறி மாறி இடமும் வலமும் ஓட்டித் தட்டுகளைப் பழக்க வேண்டும். பிறகு ஆயிலை வடித்து மாற்ற வேண்டும். அந்த முதல் ஆயில் வெளியே வந்ததைப் பார்த்தேன்: அடர் சாம்பல் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளித்தூள் போல மினுக்கம். வடிகால் திருகின் காந்த முனையில் மை போன்ற கறுப்புப் பசை திரண்டிருந்தது. விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும். நறநறவென்று துகள் உறுத்தினால்தான் கவலைப்பட வேண்டும். இன்றும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் முதலில் அந்தக் காந்தத்தைத்தான் துடைத்துப் பார்க்கிறேன்.

தடத்தில் என்ன மாற்றம்? எதிர்பார்த்தபடியே ஒன்பதிலும் பதினைந்திலும் உட்பக்க டயரின் கிறீச்சல் போய்விட்டது. வளைவின் நடுப்புள்ளியைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் பிட்டத்தைத் தாழ்த்தி முன்னே பாய்கிறது. எதிர்பாராத பலன் கிடைத்தது பதினான்காவது வளைவில். பதின்மூன்றின் நீண்ட வலப்பக்க வளைவில் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை அழுத்திப் பதினான்குக்குள் நுழைய வேண்டும். சிப்பாங்கில் பொழுதுபோக்காக ஓட்டுபவர்கள் பலர் சுழன்று மணலுக்குள் போவது இங்கேதான். டார்சன் இருந்தபோது பிரேக்கில் பின்பக்கம் இடப்பக்கமாக நெளியும். ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பேன். இப்போது காலை எடுத்ததும் பின்சக்கரங்கள் இரண்டும் மெல்லப் பிணைந்து, காரின் வால் நேராக நிற்கிறது. 2 வழி போட்ட நண்பரின் காரில் இதே வளைவில் ஓட்டிப் பார்த்தேன். அதில் நிலைப்பு இன்னும் அதிகம். ஆனால் மூக்கு திரும்பவே மனமில்லாமல் வெளிப்பக்கம் போகிறது. எனக்கு 1.5 வழிதான் சரி.

மழையில் கதை வேறு. சிப்பாங்கின் பிற்பகல் மழை எப்படிப்பட்டது என்பதற்கு 2009 மலேசிய கிராண்ட் பிரி சாட்சி. பாதியிலேயே நிறுத்தி, பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். ஈரத்தில் டார்சன் ஒரு சக்கரத்தை நழுவவிட்டு முன்னறிவிப்பு தரும். மறு சக்கரம் காரைப் பிடித்து வைத்திருக்கும். கிளட்ச் வகையில் இரண்டும் சேர்ந்தே நழுவும். அவசரப்பட்டு மிதித்தால் வால் சட்டென்று வீசும். மழை பிடித்தால் நான் ஒரு கியர் கூடுதலாகவே வைத்து ஓட்டுகிறேன். மழையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் கம்பெனி டிஃபரன்ஷியலைக் கழற்றியிருக்கவே மாட்டேன்.

அன்றாட வாழ்க்கையில் ஒரு தொல்லை உண்டு. பேரங்காடியின் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகரும்போது பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் வரும். தட்டுகள் ஒட்டியும் விட்டும் நகர்வதன் ஒலி அது, பழுது இல்லை. அருகில் நடப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் மனைவி முதல் வாரம், "ஏங்க, கார் உடைந்துவிட்டதா?" என்று உண்மையாகவே பயந்து கேட்டாள். எல்எஸ்டிக்கென்று உராய்வுச் சேர்மானம் கலந்த, தடிமன் கூடிய ஆயிலைப் போட்டால் சத்தம் பாதியாகக் குறைகிறது. சாதாரண 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயிலில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடகடப்புதான். இந்த டிஃபரன்ஷியல் குடிப்பது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இந்தச் சின்ன அளவு ஆயில் நம் ஊர் வெயிலில், நெருப்பாய்க் கொதிக்கும் தடத்தில், உராயும் தட்டுகளோடு வேகிறது என்பதை நினைத்தால், ஆயிலுக்குக் கணக்குப் பார்க்க மனம் வராது. நான் இரண்டு டிராக் டேக்கு (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) ஒரு முறை மாற்றிவிடுகிறேன்.

இனி ஃபைனல் டிரைவ், அதாவது டிஃபரன்ஷியலில் இருக்கும் கடைசிப் பல்சக்கர விகிதம். என் காரில் 4.1. 2017-இல் திருத்திய மேனுவல் மாடலுக்கு டொயோட்டா 4.3 கொடுத்தது, சந்தையில் 4.55 அளவிலும் கிடைக்கிறது. எண் கூடினால் பாய்ச்சல் கூடும், உண்மைதான். ஆனால் தடத்தோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 7,400 ஆர்பிஎம்மில், 4.1-உடன் மூன்றாவது கியரில் ஏறத்தாழ 138 கி.மீ., நான்கில் 175, ஐந்தில் 212 வரை போகலாம். 4.55 போட்டால் இவை 124, 158, 191 ஆகிவிடும். பிரதான நேர்ப்பாதையின் முடிவில் என் கார் 190-ஐ நெருங்குகிறது. அதாவது முதல் வளைவுக்கு பிரேக் அழுத்த வேண்டிய இடத்தில் ஐந்தாவது கியர் தன் எல்லையை முட்டி நிற்கும். நடுவில் கூடுதலாகக் கியர் மாற்றும் நேரமும் போகும். கோயம்புத்தூர் கரி தடம் போன்ற குட்டையான இடத்தில் ஓட்டுபவருக்கு 4.55 நல்ல யோசனையாக இருக்கலாம், சிப்பாங்குக்கு வேண்டாம். போதாக்குறைக்கு, நெடுஞ்சாலையில் 110-இல் ஆறாவது கியரில் 2,900 சொச்சமாக இருக்கும் ஆர்பிஎம் 3,250-ஐத் தாண்டும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்து வீடு திரும்பும்போது அந்த இரைச்சலைக் காது தாங்காது.

கிளட்ச் நழுவினால் மாற்றுங்கள். நழுவாத கிளட்சை மாற்றுவதில் அர்த்தமில்லை. டர்போ போடாத இந்த எஞ்சினின் 205 நியூட்டன் மீட்டரை ஒரிஜினல் கிளட்ச் சிரமமின்றித் தாங்குகிறது. லேசான ஃப்ளைவீலும் அப்படியே. எஞ்சின் சுழற்சி சட்டென்று ஏறும், இறங்கும், கேட்க இனிமை. ஆனால் நெரிசலில் வண்டியை எடுக்கும்போது எஞ்சின் அடிக்கடி அணையும், நின்ற இடத்தில் கியர்பாக்ஸ் கலகலக்கும்.

பலரும் கண்டுகொள்ளாத ஒரு பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: பின் சப்ஃபிரேம் புஷ்களுக்கு இடையே செருகும் கட்டைகள். ரப்பர் புஷ்ஷில் விட்டிருக்கும் இடைவெளியை அடைத்து, டிஃபரன்ஷியலைத் தாங்கும் சட்டம் அசையாமல் பிடிக்கும். எல்எஸ்டி விலையோடு ஒப்பிட்டால் காசே இல்லை. இவற்றைப் போட்டபின் ஆக்சிலரேட்டரை மிதித்துவிடும்போது பின்னால் வந்த 'தொம்' என்ற அசைவு நின்றது. கார் இடுப்பில் ஒட்டிக்கொண்டது போல உணர்கிறேன். பல்சக்கரத்தின் மெல்லிய ஊளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது, 80 கி.மீ. வேகத்தில்.

சமீபத்தில் ஆரம்ப இறுக்கம் தளர்ந்திருப்பதை உணர்ந்தேன். ஒன்பதாவது வளைவில் உட்பக்க டயர் மறுபடி லேசாக முனகியது. பட்டறையில் கழற்றித் தட்டுகளை ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரால் அளந்தோம். தேய்மானம் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குள்தான். எரிந்த நீலத் தடம் எதுவும் இல்லை. ஆரம்ப இறுக்கத்தைத் தரும் சுருள்வில்களை மட்டும் புதிதாக வாங்கியிருக்கிறோம். இந்த முறை தட்டுகளை ஒரு படி மென்மையான வரிசையில் அடுக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய அளவைவிடக் குறைவான பிணைப்பு பதினான்காவது வளைவுக்குப் போதுமா என்பது அடுத்த டிராக் டேயில் தெரிந்துவிடும்.