ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ்: எட்டு மாசம் ஓட்டிப் பார்த்தாச்சு

நாங்க இருக்கறது மன்னார்குடி பக்கம். மாதாந்திர பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டா காலைல 9 மணிக்கு போற கரண்ட் சாயந்திரம் 5 மணிக்குதான் வரும், அது போக காத்தடிச்சா மழை பேஞ்சா கட், டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போனா கட். வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, இல்லாம இல்ல, 2012ல மணிக்கொரு தடவை கட் பண்ணிட்டிருந்தாங்களே அப்ப அப்பா போட்டது. ஆனா வயரிங் பண்ணவர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் லைன் இழுத்திருக்காரு, ரவுட்டர் இருக்கற மூலைல உள்ள பிளக் பாயிண்ட் அதுல வராது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வச்சு இழுத்தும் பார்த்தேன். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறுற அந்த ஒரு நொடிக்கும் குறைவான கேப்புலயே ரவுட்டர் அணைஞ்சு திரும்ப ஆன் ஆகுது, நெட் வர ரெண்டு மூணு நிமிஷம், அதுக்குள்ள மீட்டிங்ல என்னைத் தவிர எல்லாரும் பேசி முடிச்சிருப்பாங்க.

லேப்டாப்ல பேட்டரி இருக்கு, போன்ல பேட்டரி இருக்கு, இல்லாதது ரவுட்டருக்கு மட்டும்தான்னு உறைக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பதான் இந்த 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் வாங்கினேன், 1,650 ரூபா. உள்ளங்கை சைஸ், உள்ள லித்தியம் பேட்டரி. ரவுட்டர் அடாப்டரோட பின்னை இதுல சொருகணும், இதுல இருந்து வர்ற வயரை ரவுட்டர்ல சொருகணும், வேலை முடிஞ்சுது. கரண்ட் போனா ரவுட்டருக்கு விஷயமே தெரியாது.

டப்பால 10,400 எம்ஏஎச்னு (பேட்டரி எவ்ளோ பிடிக்கும்ங்கற அளவு) பெருசா போட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீங்க. அது உள்ள இருக்கற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு. ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 38 வாட் அவர் சொச்சம்தான் வரும், அதாவது 38 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டற அளவு, அதை 12 வோல்ட்டா ஏத்தும்போது கொஞ்சம் வீணாகும். என் ரவுட்டர் 8 வாட் மாதிரி இழுக்குது, அப்ப நாலு மணி நேரம்னு கணக்கு வந்துச்சு, புதுசுல 3 மணி 50 நிமிஷம் நின்னுச்சு. எட்டு மாசம் கழிச்சு இப்ப 3 மணி 20 நிமிஷம். கடைக்காரர் சொன்ன எட்டு மணி நேரம்லாம் சும்மா கதை. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரவுட்டர் அடாப்டரைத் திருப்பி அவுட்புட் எவ்ளோன்னு பாருங்க, சிலது 9 வோல்ட், அதுல 12 வோல்ட் குத்தினா ரவுட்டரே போயிடும். இன்னொன்னு, இது லேசா சூடாகிட்டே இருக்கு, அம்மா மேல துணி போட்டு மூடிட்டாங்க தூசி படுதுன்னு, தொட்டுப் பார்த்தா இட்லி தட்டு மாதிரி இருந்துச்சு. திறந்த இடத்துல வைங்க.

கம்ப்யூட்டருக்கு வச்சிருக்கற 600 விஏ யூபிஎஸ்ஸையும் இதையும் ஒப்பிடாதீங்க, அது வேற ஜாதி. 600ன்னா 600 வாட் இல்ல, என்னோடதுல பின்னாடி பொடி எழுத்துல 360 வாட்னு இருக்கு. உள்ள 12 வோல்ட் 7 ஏஎச் ஈய பேட்டரி ஒன்னு, கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து இழுத்தா கால் மணி நேரம் கூட தாங்காது, சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ணத்தான் அது. அதுவும் ரெண்டரை வருஷத்துல பேட்டரி உப்பி, கழட்டவே முடியாம ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பி எடுத்தோம். அந்த பீப் சத்தம் வேற, பாட்டி "கோழிக்குஞ்சு எங்கடா கத்துது"ன்னு கட்டிலுக்கு அடியில தேடுவாங்க. குட்டி யூபிஎஸ்ல சத்தமே இல்ல, அதுக்கே ஒரு மார்க் எக்ஸ்ட்ரா.

இதெல்லாம் சரி, வாங்கின மூணாவது வாரமே மூக்கு உடைஞ்சுது. கரண்ட் போச்சு, ரவுட்டர் எரியுது, நான் பெருமையா வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறேன், பார்த்தா சிவப்பு லைட் மினுக்குது, ஃபைபர்ல சிக்னலே வரல. நெட் கொடுக்கறவருக்கு போன் அடிச்சேன். "அண்ணே, வயர் கட்டா?"ன்னா, "இல்ல தம்பி, நம்ம ரூம்ல பேட்டரி அடிவாங்கிடுச்சு, கரண்ட் வந்தா தானா வந்துரும்"ங்கறாரு. என் வீட்ல மட்டும் பேட்டரி வச்சு என்ன பிரயோஜனம், அந்தப் பக்கமும் இருக்கணும்ல. அதனால காசு போடறதுக்கு முன்னாடி உங்க ஏரியா ஆபரேட்டர்கிட்ட கரண்ட் போனா எவ்ளோ நேரம் தாங்கும்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. எங்க ஆபரேட்டர் அண்ணன் ரெண்டு மாசம் இழுத்தடிச்சு புது பேட்டரி போட்டாரு, அதுக்கப்புறம் பிரச்சனை இல்ல.

போன வாரம் பராமரிப்பு அன்னைக்கு 9 மணிக்கு கரண்ட் போச்சு, 12 மணி 20 வரைக்கும் நெட் ஆடாம அசையாம ஓடுச்சு. மத்தியான மீட்டிங்கை மட்டும் முன்னாடியே 11 மணிக்கு மாத்தி வச்சிருந்தேன். மிச்ச நேரம் போன் டேட்டாலதான் தள்ளினேன். ரெண்டாவதா ஒன்னு வாங்கி மாத்தி மாத்திப் போடலாம்னு தோணுது, இன்னொரு 1,650 ரூபாய்க்கு வீட்ல இன்னும் ஓகே வாங்கல.