பெட்டைக் குயில் படம், ஆண் குயில் குரல்

பொருட்காட்சிக் கடை ஒன்றில் 450 ரூபாய்க்கு வாங்கிய விலங்கு ஒலிப் புத்தகம் இது. தடித்த அட்டையில் 12 பக்கம், ஓரத்தில் வரிசையாக 24 பொத்தான். மூன்றரை வயது மகளுக்காக வாங்கினேன். ஒரு மாதமாக வீட்டில் எங்கள் குரல் எடுபடவில்லை.

போன வருடம் வாங்கிய புத்தகத்தில் யாரோ ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மியாவ்" சொல்வார். இதில் எல்லாமே நிஜப் பதிவு. நாய்ப் பொத்தானை அழுத்தினால் வாசலில் படுத்திருக்கும் தெருநாய் எழுந்து பதிலுக்குக் குரைக்கிறது. அதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

ஊருக்குப் போனபோது மாட்டுப் பொத்தானை அப்பாவிடம் காட்டினாள். அப்பா மாடு வைத்திருப்பவர். இரண்டு முறை அழுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது கன்னுக்குட்டியத் தேடுற மாடும்மா. தீனிக்குக் கத்துறது இப்படி இழுக்காது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு பிராணிக்கு ஒரே சத்தம்தான் என்று புத்தகம் முடிவு கட்டிவிட்டது. யானைக்குப் பிளிறல் மட்டும் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, நம் காதில் விழாத குரலில் யானைகள் தொலைவிலிருந்தே பேசிக்கொள்வதை 1980களில் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க விலங்கு ஒலி ஆய்வாளர் கண்டுபிடித்தார். சரி, இந்தக் குட்டி ஸ்பீக்கரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் குயில் பக்கத்தை மன்னிக்க மாட்டேன். படத்தில் இருப்பது உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்புக் குயில், அதாவது பெட்டை. ஒலிப்பதோ சுருதி ஏற்றி ஏற்றிக் கூவும் ஆணின் குரல். ஆண் குயில் கன்னங்கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெட்டை அப்படிக் கூவாது. "கிக் கிக் கிக்" என்று படபடக்கும்.

படங்களுக்குக் கீழே உள்ள தமிழ் இன்னும் மோசம். காகம் கத்தும், மயில் கத்தும், ஆந்தை கத்தும், யானையும் கத்தும். பேனாவை எடுத்து கரையும், அகவும், அலறும், பிளிறும் என்று திருத்தி வைத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது "அகவும்" ரொம்பப் பிடித்துவிட்டது. சோறு வேண்டாம் என்பதற்கும் அகவுகிறாள்.

வாங்குபவர்கள் பேட்டரி மூடியின் திருகை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். எங்களுக்கு வந்தது தளர்வாக இருந்தது. உள்ளே பொத்தான் பேட்டரி மூன்று. குழந்தை விழுங்கினால் ஆபத்து. ஒலியைக் குறைக்க வழி கிடையாது. ஸ்பீக்கர் துளை மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவது பல்லிக்காக. சிங்கம், புலியோடு நிறுத்தாமல் நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கும் ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை அழுத்தும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து மாமியார் கேட்கிறார்: "எந்தத் திசையில சொல்லுச்சு?"