பூச்சிகளின் குரோமோசோம் சிலைடுத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

பூச்சிகளில் ஆணும் பெண்ணும் குரோமோசோம் அளவில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் கற்பிப்பதற்காக விற்கப்படும் நுண்ணோக்கிச் சிலைடுத் தொகுப்பு ஒன்றை வகுப்பறையில் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். வெட்டுக்கிளி, பழ ஈ, தேனீ ஆகிய மூன்றும் இதில் உள்ளன.

வெட்டுக்கிளியின் விந்தகச் சிலைடுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம். பாலைவன வெட்டுக்கிளியில் பெண்ணுக்கு 24 குரோமோசோம்கள், ஆணுக்கு 23. பெண்ணிடம் பாலினத்தோடு தொடர்புடைய எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்க, ஆணிடம் ஒரே ஒரு எக்ஸ்தான் உண்டு, ஒய் கிடையாது. இனச்செல்களை உருவாக்க குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பின் தொடக்கத்தில், குரோமோசோம்கள் இணைசேர்ந்திருக்கும் பாக்கிட்டீன் நிலையில், மற்றவை இணை இணையாக நூல்போல் நீண்டு கிடக்க, துணையற்ற அந்த எக்ஸ் மட்டும் சாயத்தை அடர்த்தியாக ஏற்று, உட்கருவின் ஓரத்தில் கரும்பொட்டாகத் திரண்டிருப்பது இச்சிலைடில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அடுத்து அது பிளவுபடாமல் ஒரு முனைக்கே செல்வதால், விந்தணுக்களில் பாதி 12 குரோமோசோம்களையும் மீதி 11 குரோமோசோம்களையும் பெறுகின்றன. பாலினம் எங்கே முடிவாகிறது என்பதை மாணவர் கண்ணாலேயே காண்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

பழ ஈயின் சிலைடு அழகானது, ஆனால் இங்கே பொருந்தாதது. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள, பலமுறை இரட்டித்துப் பிரியாமல் தடித்த பாலிடீன் குரோமோசோம்களின் பட்டைகள் துல்லியமாகத் தெரிந்தாலும், ஒய் குரோமோசோமை அதில் தேடிப் பயனில்லை. அது அச்செல்களில் சரிவரப் பெருகாமல், குரோமோசோம்கள் ஒன்றுசேரும் மையத் திரளுக்குள் மறைந்துவிடுகிறது. ஆண் பெண் வேறுபாட்டைக் காட்ட, 8 குரோமோசோம்களும் தனித்தனியே தெரியும் புழுவின் மூளைச் செல்களையே தந்திருக்க வேண்டும்.

தேனீயில்தான் எனக்குக் கடுமையான ஆட்சேபம். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ தோன்றுகிறது என்று தேனீ வளர்ப்பாளர் ஜோஹன் ஜியர்சோன் 1845ஆம் ஆண்டிலேயே கூறினார். ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் 32 குரோமோசோம்கள், ஆணுக்கு 16 மட்டுமே. இருந்தும் தொகுப்புடன் வரும் கையேட்டின் படம், ஆணின் விந்தணுவாக்கத்தில் எண்ணிக்கை பாதியாகக் குறைவதாகக் காட்டுகிறது. உண்மையில் அங்கே முதல் பகுப்பு முழுமையடையாமல் நின்றுவிடுகிறது, விந்தணுவுக்கும் அதே 16 குரோமோசோம்கள்தான் சேர்கின்றன. அடுத்த பதிப்பில் இது திருத்தப்பட்டே ஆக வேண்டும்.

பட்டுப்பூச்சி விடுபட்டிருப்பதும் குறையே. அதில் வேறுபட்ட இணையைக் கொண்டிருப்பது பெண் என்பதால், ஆணிடம்தான் எப்போதும் மாற்றம் இருக்கும் என்று மாணவர் தவறாக எண்ண இடமிருக்காது.

வாங்குவோரிடம் எண்ணெய் வழிப் பார்க்கும் 100 மடங்கு பொருளருகு வில்லை இருக்க வேண்டும். 40 மடங்கு வில்லையில் வெட்டுக்கிளி ஓரளவு தெரியும், தேனீயின் குரோமோசோம்களை எண்ண முடியாது.