பவளத் தொட்டிக்குக் குளிர்ச்சி: சில்லரா, ஃபேனா?

கடல் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லைட்டைப் பற்றி. கொங்குப் பக்கம் முதலில் யோசிக்க வேண்டியது சித்திரை வெயிலை. தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்கும்வரை பவளமும் அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் ஒத்துப்போகும். சூடு ஏறி நாள்கணக்கில் இறங்காமல் நின்றால், பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான். கடலுக்கே அந்தக் கதி என்றால் ஹாலில் நிற்கும் 200 லிட்டர் எம்மாத்திரம்?

தப்பிக்க வழி இரண்டு. ஒன்று, காசைப் போட்டுச் சில்லர் வாங்குவது, அதாவது ஃப்ரிட்ஜ் மாதிரி தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின். இன்னொன்று, தண்ணீர்மேல் சாய்வாக ஊதும்படி இரண்டு 12 வோல்ட் ஃபேன்களை மாட்டுவது. காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது தொட்டி குளிரும்.

ஃபேன் என்றாலே சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது நியாயமும்கூட. 34 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால், எவ்வளவு ஊதினாலும் தண்ணீர் 29 டிகிரிக்குக் கீழே போகாது. அதே 34 டிகிரியில் ஈரப்பதம் 35 சதவீதமாக இருந்தால் அந்த எல்லை 22-க்கு இறங்கிவிடுகிறது. கோவை, பொள்ளாச்சி பக்கம் மார்ச், ஏப்ரல் மதியங்களில் காற்று இப்படித்தான் காய்ந்து கிடக்கும். லைட், மோட்டார் சூடெல்லாம் கூடுவதால் தொட்டி அந்த எல்லையைத் தொடாது. ஆனாலும் அறைச் சூட்டைவிட மூன்று, நான்கு டிகிரி குறைவாக நிற்கும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் கூடவே போகிறது. 200 லிட்டர் தொட்டிக்கு அது கிட்டத்தட்ட மூன்று டிகிரி.

ஃபேனுக்குச் செலவு கரண்டில் வராது, தண்ணீரில் வரும். உப்பு ஆவியாகாது. நாளுக்கு நாலு லிட்டர் குறைந்தால் உப்பளவு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 35.7 ஆகிவிடும், அதே அளவு நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்றியாக வேண்டும். குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும் ஏடிஓ இல்லாமல் ஃபேன் மாட்டுவது வெட்டி வேலை. போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள உப்பும் நைட்ரேட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போய், பாசிதான் மண்டும். ஆர்ஓவில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். சிறுவாணிக் குழாய் வரும் வீட்டில் ஆர்ஓ ஃபில்டருக்கு வேலை குறைவு, மெம்பிரேன் நாளாக உழைக்கும். குடிக்கிற ஆர்ஓ மெஷினிலிருந்து பிடிக்கிறவர்கள் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். ருசிக்காகத் தாதுவைத் திரும்பக் கலக்கும் மெஷின்கள் நிறைய.

இன்னொரு தொல்லை மூடி. காற்றுப் போகத் திறந்து வைத்தால் ராஸ் மாதிரி துள்ளுகிற மீன் தரையில் கிடக்கும். வலை போட்டே ஆகணும். ஃபேன் இறக்கையில் வெள்ளையாக உப்புப் பூத்து, பேரிங் துருப்பிடித்துக் கரகரவென்று கத்த ஆரம்பிக்கும். ஒன்று கைவசம் உபரியாக இருக்கட்டும்.

சில்லருக்கு இந்தப் பாடு இல்லை. 26 என்று வைத்தால் 26. ஆனால் தொட்டியில் எடுத்த சூட்டை அறைக்குள்தான் கக்கும். ஸ்டாண்டுக்குள் பூட்டி வைத்தால் தன் சூட்டையே தான் இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். 200 வாட் சில்லர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டுக்குப் பக்கம். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீட்டில் இது 500 யூனிட்டைத் தாண்டவைத்துவிட்டால் கணக்கே வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். அதுவரை சில்லரை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. ஃபேன் தாராளமாக ஓடும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கணக்கு ஊரைப் பொறுத்தது. கோவை, பொள்ளாச்சி, உடுமலை வீடுகளில் அறை 31-ஐத் தாண்டுவது கொஞ்ச நாள்தான், ஃபேன் போதும். ஆடிக்காற்று அடிக்கும்போது அதுவும் தேவைப்படாது. ஈரோடு, பவானி, கரூரில் மாடி அறை 36-க்குப் போனால் ஃபேன் 32-இல் நின்றுவிடும். அங்கே சில்லர் வாங்க முடியாதவர்கள் தொட்டியே வைக்க வேண்டாம்.

என்ன வளர்க்கிறோம் என்பதும் இதில் சேரும். கல் பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலில் எடுத்ததை யார் விற்றாலும் தொடாதீர்கள். வீட்டுக்கு ஏற்றவை கல் எலும்பில்லாத ஜோவாந்தஸ், மஷ்ரூம் வகைகள். இவை 28 டிகிரியையும் பொறுத்துக்கொள்ளும். ஒரே நாளில் நாலு டிகிரி ஏறி இறங்குவதைத்தான் பொறுக்காது. ஆகவே எதை வாங்கினாலும் முதலில் ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்கி, 27-இல் ஓடி 26-இல் நிற்கும்படி வையுங்கள். ஃபேனை ராத்திரி முழுக்கச் சும்மா ஓடவிட்டால் மார்கழியில் ஹீட்டர் தேட வேண்டிவரும்.