கெடா வெட்டுக்கு கூப்ட்ட சமையல் மாஸ்டர் எப்படி? எங்கூட்டு அனுபவம்

போன மாசம் வெள்ளகோவில் பக்கம் எங்க குலசாமி கோயல்ல கெடா வெட்டுங்க, சமையலுக்கு காங்கேயத்துல இருந்து ஒரு மாஸ்டரக் கூப்ட்டிருந்தோம், ரெண்டு கெடா, 150 இலை. வெடியால 4 மணிக்கு வந்தர்றேன்னவரு வந்தது ஆறே காலுக்கு. ஆனா கைப்பக்குவம் சூப்பருங்க, ரத்தப் பொரியல்ல சின்ன வெங்காயமும் தேங்காயும் அளவா போட்டு துளி கவுச்சி இல்ல, கொழம்புக்கு மல்லி மொளகு எல்லாம் அங்கயே வறுத்து அரைச்சாரு. கொடல் மட்டும் வேகல, எங்க அப்பாருக்கு பல்லு இல்லைன்னு சொல்லலீங்க, எனக்கே கடிபடல.

பந்தில ஒக்காந்தப்பதான் 2003 பேச்சு வந்துச்சு. அந்த வருசம் மாஸ்டருக்கு கோயல் ஆர்டரே இல்லையாம். கோயல்லயும் அதச் சுத்தியும் ஆடு கோழி பலி குடுக்கக் கூடாதுன்னு 1950-லயே போட்ட சட்டம், அம்பது வருசத்துக்கு மேல தூங்கிட்டிருந்தத ஜெயலலிதா அரசு தூசு தட்டி அமல்படுத்தச் சொன்னாங்கல்ல, அதான். எங்க அப்பாரு கெடாய தோட்டத்துக்கு ஓட்டிட்டுப் போயி வெட்டுனாராம். "அதே ஆடு, அதே அருவா, நாலு வரப்பு தள்ளி வெட்டுனா குத்தமில்லையாமா"ன்னு இன்னும் சிரிக்கறாரு. சாமி முன்னாடி தண்ணி தெளிச்சு கெடா ஒடம்ப சிலுப்பித் துளுக்குனாத்தான சாமி ஒத்துக்கிச்சுன்னு கணக்கு, தோட்டத்துல யாருகிட்ட உத்தரவு கேக்கறது?

வக்கீலுக்குப் படிக்கற தம்பி ஒருத்தன், மத்திய அரசோட 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துல 28-வது பிரிவே மதம் சொல்ற முறைல கொன்னா குத்தமில்லைங்குதுன்னு எடுத்து உட்டான். எனக்கு கெடா வெட்டறதப் பாக்கவே முடியாதுங்க, திரும்பி நின்னுக்குவேன், ஆனா எனக்கு ஆகலைங்கறதுக்காக ஊருக்கே சட்டம் போடோணும்னா எப்படி, தேங்கா ஒடச்சா பக்தி, கெடா வெட்டுனா காட்டுமிராண்டித்தனம்னு எந்த சாமி சொல்லுச்சு? 2004 எலக்சன் வருசம், அப்பத்தான் ஜெயலலிதா அரசே அந்த 1950 சட்டத்த ரத்து பண்ணுச்சு. "கருப்பணசாமிக்கும் ஓட்டு இருக்குதுங்க"ன்னு கரண்டிய ஆட்டிட்டே சொன்னாரு மாஸ்டர்.

பாத்திரம், அடுப்பு அவுங்களே கொண்டாந்தர்றாங்க, வெறகும் இலையும் நாமதான் குடுக்கோணும். நம்பிக் கூப்டலாம், 4 மணிக்கு வேணும்னா 2 மணின்னு சொல்லி வெச்சர்றது நல்லதுங்க.